ஒக்ஸஸ் நதிக்கரையில் புதையுண்ட கிரேக்க நகரமும் போல் பேர்னாரும்

ஒரு தொல்பொருள் ஆய்வாளன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்த நகரம், அவன் உயிரோடிருக்கும்போதே மீண்டும் அழிந்துபோவதைக் காண நேரிடுவது அபூர்வமான துயரமாகும். பிரான்ஸ் நாட்டின் கிரேக்க இலக்கியப் புலமையாளரும் தொல்பொருளியல் அறிஞருமான போல் பேர்னாருக்கு அத்தகைய விதி வாய்த்தது. 1929ஆம் ஆண்டு பிறந்து 2015ஆம் ஆண்டு காலமான அவரது பெயர், துறைசார்ந்தோரின் வட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்பட்டதொன்றல்ல. ஆயினும், அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின்னர் மத்திய ஆசியாவில் என்ன நிகழ்ந்தது என்ற கேள்விக்கு இன்று நம்மிடம் இருக்கும் விடையில் கணிசமான பங்கு அவருடையதே எனலாம்.

பேர்னாரின் பணியை விளங்கிக்கொள்வதற்கு முதலில் பக்திரியாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. இந்துகுஷ் மலைகளுக்கு வடக்கே, இன்று ஆமு தாரியா என வழங்கும் ஒக்ஸஸ் நதியை அண்டிய செழிப்பான சமவெளியே பண்டைய பக்திரியா. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தர் அங்கு கிரேக்கக் குடியேற்றவாசிகளை விட்டுச் சென்றார். அவருக்குப் பின் அப்பிரதேசம் செலூக்கிய மன்னர்களின் ஆட்சிக்குட்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தியோதொட்டஸ் என்ற ஆளுநர் பிரிந்து சென்று தனியரசு அமைத்தார். அவ்வரசு ஏறத்தாழ நூறாண்டுகள் நிலைத்திருந்தது. 'ஆயிரம் நகரங்களைக் கொண்ட பக்திரியா' என்று பண்டைய எழுத்தாளர்கள் அதனை வர்ணித்தனர்.

ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றேனும் கண்ணுக்குத் தென்படவில்லை. கிடைத்தவையெல்லாம் நாணயங்களே. மிக நேர்த்தியாக அச்சிடப்பட்ட வெள்ளி, பொன் நாணயங்களில் மன்னர்களின் முகங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன. நாற்பது வரையான அரசர்களின் பெயர்களில் பெரும்பாலானவை நாணயங்களால் மாத்திரமே அறியப்பட்டவை. பிரித்தானிய அறிஞர் டார்ன் 1938இலும், இந்திய வரலாற்றாசிரியர் நாராயண் 1957இலும் எழுதிய பெருநூல்கள் பெரும்பாலும் இந்த நாணயங்களையும் சிதறிய சில இலக்கியக் குறிப்புகளையும் கொண்டே கட்டியெழுப்பப்பட்டன. ஒரே சான்றுகளைக் கையாண்டும் இருவரும் நேரெதிரான முடிவுகளுக்கு வந்தனர். டார்ன் அதனைக் கிரேக்க வரலாற்றின் ஓர் அத்தியாயம் என்றார். நாராயணோ அது இந்திய வரலாற்றின் பகுதி என்றார்.

பிரான்ஸுக்கு இதில் ஒரு தனியான ஈடுபாடு இருந்தது. 1922ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் மன்னர் அமானுல்லாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கை மூலம் அந்நாட்டில் அகழ்வாய்வு செய்யும் ஏகபோக உரிமையைப் பிரான்ஸ் முப்பதாண்டுகளுக்குப் பெற்றுக்கொண்டது. அகழ்ந்தெடுக்கப்படும் பொருட்களில் ஒரு பங்கும் அதற்கு உரித்தாயிற்று. நாடொன்றின் கடந்தகாலத்தைத் தோண்டும் உரிமையை வெளிநாடொன்றுக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தல் இன்றைய கண்ணோட்டத்தில் வியப்பளிக்கலாம். பிரித்தானியரின் செல்வாக்கிலிருந்து விடுபட விரும்பிய ஆப்கான் அரசுக்கோ அது அன்று ஓர் இராஜதந்திரத் தெரிவாக இருந்தது. இவ்வாறு உருவான பிரெஞ்சுத் தொல்பொருள் தூதுக்குழுவின் முதல் தலைவரான அல்பிரட் பூஷே, பக்திரியாவின் தலைநகரான பக்திராவில் (இன்றைய பல்க்) 1924-25ஆம் ஆண்டுகளில் பெரும் பிரயாசையோடு தோண்டினார். கிரேக்க நகரம் எதுவும் கிட்டவில்லை. மனமுடைந்த அவர் அதனை வெறும் 'கானல் நீர்' என்று எழுதினார். கிரேக்க பக்திரியா என்பது நாணயச் சேகரிப்பாளர்களின் கற்பனையோ என்ற ஐயம் அன்றிலிருந்து நிலவிவந்தது.

அந்த ஐயம் 1961ஆம் ஆண்டு அகன்றதற்குக் காரணம் அறிஞர் எவருமல்லர். மன்னர் சாஹிர் ஷா வடகிழக்கு எல்லைப்புறத்தில் வேட்டைக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள கிராமத்தவர்கள் செதுக்கப்பட்ட கற்கள் சிலவற்றை அவருக்குக் காட்டினர். அவற்றுள் ஒன்று கொறிந்திய பாணியிலான தூண்தலை. அதன் பெறுமதியை உணர்ந்த மன்னர், அப்போது தூதுக்குழுவின் தலைவராயிருந்த டானியல் ஷ்லும்பேர்ஜேக்கு அறிவித்தார். கிராமத்தவர்களின் கையில் இருந்த கல், அதற்கு முந்திய நாற்பதாண்டுத் தேடலைவிடப் பயனுள்ளதாயிற்று. பஞ்ச் நதியும் கொக்சா ஆறும் சங்கமிக்கும் இடத்தில், நதியின் மறுகரையிலே சோவியத் எல்லைக் காவலர்கள் நின்ற அந்தத் தரிசு நிலத்துக்கு உஸ்பெக் மொழியில் ஆய் கானூம், அதாவது 'நிலவுப் பெருமாட்டி' என்று பெயர்.

போல் பேர்னார் இக்கட்டத்திலேதான் வருகிறார். பாரிஸின் உயர் ஆசிரியக் கலாசாலையில் கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்று, ஏதென்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சுக் கல்லூரியின் உறுப்பினராகி, தாசொஸ் தீவின் அகழ்வுகளில் பயிற்சி பெற்றவர் அவர். கிரேக்கக் கல்வெட்டை வாசிக்கவும், கட்டடச் சிற்பத்தின் காலத்தைக் கணிக்கவும் ஒருசேர வல்லவர். 1965இல் ஷ்லும்பேர்ஜேயிடமிருந்து தூதுக்குழுவின் தலைமையை ஏற்ற அவர், 1978 வரை ஆய் கானூம் அகழ்வுகளை நடத்தினார். தலைமைப் பதவியில் 1980 வரை இருந்தார்.

அங்கே வெளிப்பட்டது ஒரு சிற்றூர் அல்ல. ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் நீளமும் 1.5 கிலோமீற்றர் அகலமும் கொண்ட முக்கோண வடிவிலான நகரம். இரு பக்கங்களில் ஆறுகள் காவலாக இருக்க, மூன்றாவது பக்கத்தில் 60 மீற்றர் உயரமான இயற்கைக் குன்று அரணாக நின்றது. திறந்திருந்த வடபுறத்தைப் பச்சைச் செங்கல்லாலான பருத்த மதில் காத்தது. குன்றின் சரிவில் 5,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய நாடக அரங்கு இருந்தது. பாபிலோனில் கிரேக்கர் கட்டிய அரங்கிலும் அது பெரியது. ஏறத்தாழ நூறு மீற்றர் பக்க நீளமுள்ள உடற்பயிற்சிக் கூடம் ஒன்று கிடைத்தது. அதனைக் காக்கும் தெய்வங்களான ஹெர்மிஸுக்கும் ஹெராக்கிளிஸுக்கும் சகோதரர் இருவர் செய்த அர்ப்பணிப்பு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டு சூரியக் கடிகாரங்களும் அதே இடத்தில் கிடைத்தன. அரண்மனையின் முற்றத்தை நூற்றுக்கும் அதிகமான கொறிந்தியத் தூண்கள் சூழ்ந்திருந்தன.

கட்டடங்களைக் காட்டிலும் அறிஞர் உலகத்தை வியப்பிலாழ்த்தியது ஒரு கல்லின் அடிப்பீடமாகும். நகரின் ஸ்தாபகர் எனக் கருதப்படும் கினேயாஸ் என்பவரின் சமாதியில் அது கண்டெடுக்கப்பட்டது. கிரேக்கத்தின் டெல்பி ஆலயத்தில் பொறிக்கப்பட்டிருந்த நீதிமொழிகளைக் கிளேயார்க்கஸ் என்பவர் கவனமாகப் பிரதிசெய்து வந்து, கினேயாஸின் வளாகத்தில் நிறுவினார் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. பாலப் பருவம் முதல் மரணம் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய ஒழுக்கம் யாது என்பதைச் சொல்லும் கடைசி மொழிகள் மாத்திரமே சிதையாமல் எஞ்சியிருந்தன. கல்வெட்டியல் மேதையான லூயி ரொபேர் 1968இல் இதனை வெளியிட்டபோது, இந்தக் கிளேயார்க்கஸ் அரிஸ்டோட்டிலின் மாணவரான அதே பெயருடைய தத்துவஞானியாக இருக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். கீழைத்தேய ஞானிகளைப் பற்றி அவர் எழுதியிருந்தமையால் அந்த ஊகம் கவர்ச்சியானதாகவே இருந்தது. பின்வந்தோர் சிலர் அதனை ஏற்கவில்லை. யாராயிருப்பினும், ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து நீதிமொழிகளைச் சுமந்துவந்து நட்ட ஒரு மனிதர் இருந்தார் என்பது உறுதியாயிற்று.

அரண்மனையின் களஞ்சியத்தில் கிடைத்தவை இதற்குச் சற்றும் குறைந்தவையல்ல. ஒலிவ எண்ணெய் வைத்திருந்த சாடிகளின் மீது அளவும் பொறுப்பாளர்களின் பெயர்களும் மையினால் எழுதப்பட்டிருந்தன. அப்பெயர்களில் கிரேக்கப் பெயர்களோடு ஒக்ஸஸ் நதித் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய உள்ளூர்ப் பெயர்களும் உள்ளன. கிரேக்க அரசின் கணக்குப் புத்தகத்தை எழுதியவர்களில் பக்திரியரும் இருந்தனர் என்பது இதனால் தெளிவாகிறது. ஓர் அறையில், உக்கி மண்ணாகிவிட்ட பாபிரஸ் ஏடொன்றின் எழுத்துகள் மண்கட்டியின் மீது தலைகீழாகப் பதிந்து கிடந்தன. ஏடு அழிந்தது, மை மாத்திரம் மண்ணில் ஒட்டிக்கொண்டது. பிளேட்டோவின் 'எண்ணங்கள்' பற்றிய கொள்கையை விவாதிக்கும் தத்துவ உரையாடல் அது என்று பின்னர் வாசித்தறியப்பட்டது. மண்ணை வாரியெறியும் அவசரக்காரர் ஒருவரின் கையில் அகப்பட்டிருந்தால் அது ஒரு கூடை மண்ணோடு போயிருக்கும். பேர்னாரின் குழுவினரது நிதானத்தைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உதாரணம் போதுமென நினைக்கிறோம்.

1970ஆம் ஆண்டு கிடைத்த நாணயக் குவியல் தெற்காசிய வாசகருக்கு மேலும் சுவையானது. நூற்றுக்கணக்கான இந்திய முத்திரை நாணயங்களின் நடுவே, அகத்தொக்கிளிஸ் என்ற கிரேக்க மன்னன் வெளியிட்ட ஆறு சதுரவடிவ வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஒரு பக்கத்தில் கிரேக்க எழுத்து, மறுபக்கத்தில் பிராமி எழுத்து. கலப்பை ஏந்திய பலராமரும், சக்கரம் தாங்கிய வாசுதேவ கிருஷ்ணரும் அவற்றில் உள்ளனர். இத்தெய்வங்களின் காலங்கணிக்கத்தக்க மிகப் பழைய உருவங்களுள் இவையும் அடங்கும். கிரேக்க மன்னன் ஒருவன் அச்சிட்ட காசு, ஆமு தாரியா கரையில் பிரெஞ்சுக்காரர்களால் தோண்டியெடுக்கப்பட்டு, கிருஷ்ண வழிபாட்டின் வரலாற்றுக்குச் சான்றாகியுள்ளது.

நமது தீவையும் இந்த யவன உலகம் முற்றாகத் தொடாமல் விடவில்லை. அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனம் தன் ஆட்சியெல்லைக்கு வெளியேயுள்ளோரைக் குறிப்பிடுகையில் சோழர், பாண்டியர், தாம்பபர்ணி ஆகியவற்றோடு யவன மன்னன் அந்தியோக்கஸையும் சேர்த்தே கூறுகிறது. அந்த அந்தியோக்கஸின் முன்னோர்களது ஆட்சியிலேயே ஆய் கானூம் வளர்ந்தது. அசோகரின் சாசனங்கள் கிரேக்க மொழியிலேயே கந்தஹாரில் பொறிக்கப்பட்டிருந்தமை 1958இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தெரியவந்தது. மகாவம்சமும், துட்டகைமுனு மகாதூபிக்கு அடிக்கல் நாட்டிய வைபவத்துக்கு யவன நகரான அலசந்தாவிலிருந்து மஹாதம்மரக்கித தேரர் 30,000 பிக்குகளுடன் வந்ததாகக் கூறுகிறது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆயின் காபூலுக்கு அருகிலிருந்த அலெக்சாந்திரியாவே அலசந்தா என்பது அறிஞர் பலரின் கருத்து. யவனர் பௌத்தராகி இத்தீவு வரை அறியப்பட்டிருந்தனர் என்ற நினைவை அந்நூல் பேணியிருக்கிறது.

பேர்னாரின் முடிவுகளெல்லாம் மறுப்பின்றி நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. ஆய் கானூமை அவர் பிரதானமாகக் கிரேக்க நாகரிகத்தின் கிழக்கெல்லைக் கோட்டையாகவே நோக்கினார். கிரேக்க இலக்கியத்தில் தோய்ந்த ஒருவர், டெல்பியின் நீதிமொழிகளையும் நாடக அரங்கையும் கண்டால் மனம் அங்கேயே லயித்துவிடுவது இயல்பே. எனினும் அதே நகரின் பிரதான கோவில் கிரேக்கக் கோவில் அமைப்பில் இல்லை. படிப்படியாகக் குழிந்த மாடங்களைக் கொண்ட தடித்த சுவருடைய அது மெசொப்பொத்தேமியப் பாணியைச் சார்ந்தது. அதற்குள் இருந்த சிலையோ கிரேக்க முறையில் செதுக்கப்பட்டது. அதில் எஞ்சியது பாதரட்சை அணிந்த ஒரு பாதத்தின் துண்டு மட்டுமே. அரண்மனையின் திட்டமும் பாரசீக மரபை நினைவூட்டுகிறது. பேர்னார் இவற்றை மறைக்கவில்லை. விரிவாக வரைந்து பதிவு செய்தவரும் அவரே. அவற்றுக்கு அவர் கொடுத்த அழுத்தம் போதாதென்பதே பிற்காலத்தவரின் குறை.

அவரது சகாவான ஜோன் குளோட் கார்தேன் நகருக்கு வெளியே சென்றார். 1974 முதல் சுற்றுப்புறச் சமவெளியில் அவரது குழு நடத்திய மேற்பரப்பாய்வு, அங்குள்ள நீர்ப்பாசனக் கால்வாய்கள் கிரேக்கர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெட்டப்பட்டவை என்று காட்டியது. சிந்துவெளி நாகரிகத்தின் குடியிருப்பு ஒன்று, ஷோர்த்துகாய் என்னுமிடத்தில் அதே சமவெளியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பதக்ஷான் மலைகளின் நீலக்கல்லே அவர்களை அவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கவேண்டும். ஆகவே கிரேக்கர் வெறும் நிலத்தில் நாகரிகத்தை நட்டவர்களல்லர். ஏற்கெனவே வயல்களும் வாய்க்கால்களும் கொண்ட நாட்டிற்கு ஆட்சியாளராக வந்தவர்கள். நகரை நிறுவியவர் அலெக்சாந்தரா, செலூக்கியரா என்ற விவாதமும் தொடர்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் அந்தியோக்கஸ் காலத்திலேயே அது நகராக உருப்பெற்றது என்ற கருத்தின் பக்கமே இன்று பலர் சாய்கின்றனர். இவ்விவாதங்கள் யாவும் பேர்னார் தந்த தரவுகளைக் கொண்டே நடைபெறுகின்றன. தன்னை மறுப்பதற்கான ஆதாரத்தையும் தானே ஒழுங்காகப் பதிவு செய்து வைத்தவர் என்பது ஆய்வாளர் ஒருவருக்கு எளிதில் கிட்டாத பெருமை என்பது எமது எண்ணம்.

நகரின் முதல் அழிவு கி.மு. 145ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. யூக்கிரட்டிடிஸ் மன்னனின் ஆட்சி முடிந்த சூட்டோடு வடக்கிலிருந்து நாடோடிக் குழுக்கள் இறங்கின. கிரேக்கர் வெளியேறினர். அரண்மனை தீக்கிரையானது. சுற்றுப்புற மக்கள் சிறிது காலம் அங்கு தங்கி, தூண்களைச் சுண்ணாம்பாக நீற்றினர், உலோகத்தை உருக்கினர். பின்னர் இரண்டாயிரம் ஆண்டுகள் எவரும் அவ்விடத்தில் பெருமளவு கட்டவில்லை. அதனாலேயே பேர்னாரால் முழு நகரத்தின் அமைப்பையும் படிக்க முடிந்தது. பல்க் போன்ற இடங்களில் பிற்கால நகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக் கிடந்தமையே பூஷேயின் தோல்விக்குக் காரணம்.

இரண்டாவது அழிவு நம் காலத்துக்குரியது. 1978இல் காபூலில் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அவ்வாண்டோடு அகழ்வு நின்றது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன. 1982இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவின் காரியாலயம் மூடப்பட்டது. பேர்னார் பிரான்ஸ் திரும்பி உயர் ஆய்வுக் கலாசாலையில் கற்பித்தார். 1989இலிருந்து சமர்க்கந்தில் சோவியத், பின்னர் உஸ்பெக் அறிஞர்களோடு சேர்ந்து அகழ்வு நடத்தினார். 1992இல் கல்வெட்டு மற்றும் இலக்கிய அக்கடமியின் உறுப்பினரானார். இதற்கிடையில் ஆய் கானூமில் கேட்பாரற்ற தோண்டல் ஆரம்பமாகியிருந்தது. உள்நாட்டுப் போரின் தளபதிகளது ஆதிக்கத்தின் கீழ், உலோகங்காணும் கருவிகளோடு வந்தவர்கள் நகரின் பரப்பெங்கும் குழிகளை வெட்டினர். அந்த மேட்டில் பீரங்கிகளும் நிறுத்தப்பட்டன. தூண்களின் கற்கள் அண்டைக் கிராமங்களுக்குச் சென்று கட்டடங்களுக்கு முட்டுக்கொடுத்தன. நிலத்தின் தோற்றம் சந்திரனின் மேற்பரப்பை ஒத்ததாகிவிட்டதைப் புகைப்படங்கள் காட்டின. 2001ஆம் ஆண்டு, பாமியன் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட அதே ஆண்டில், பேர்னார் தமது நகரின் நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டு அக்கடமியின் முன் வாசித்த அறிக்கை வெளியாயிற்று. போரின் நடுவில் தலைமுறையொன்றைக் கழித்த நமக்கு, அத்தகைய அறிக்கையின் உணர்ச்சியற்ற நடைக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

குழி தோண்டிய வறிய கிராமத்தவரை மாத்திரம் நாம் குற்றஞ்சாட்டினால் அது பாதி உண்மையே. வாங்குவோர் இருந்தமையால் தோண்டுவோர் இருந்தனர். அந்தச் சந்தையின் மறுமுனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் இருந்தது. அறிஞர்களுக்கும் இது ஒரு தர்மசங்கடத்தை உண்டாக்கியது. களவாகத் தோண்டி விற்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் கல்வெட்டொன்றை ஆராய்ந்து வெளியிடுவது, அதன் விலையை உயர்த்திக் களவுக்கு ஊக்கமளிப்பதாகும் என்பது ஒரு சாரார் நிலைப்பாடு. வெளியிடாமல் விட்டால் அது வரலாற்றுக்கு இரண்டாவது தடவையும் இழப்பாகும் என்பது மற்றவர்களின் வாதம். பேர்னார் இரண்டாவது பக்கத்தில் நின்றார். 2004இல் அவரும் வேறு இரு அறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட கல்வெட்டுகளில், கந்தஹாரைச் சேர்ந்ததெனக் கருதப்படும் சோபித்தோஸ் என்ற வணிகனின் நினைவுக் கல்லும் ஒன்று. அது தனியார் வசமிருந்து அறியப்பட்டது. அதனால் அதன் பூர்வீக இடம் பற்றிய சான்று நமக்கு என்றென்றைக்கும் இல்லாமற்போயிற்று. அக்கல்லோ அற்புதமானது. தந்தை பெயர் நரத்தோஸ். தந்தை, மகன் இருவரதும் பெயர்கள் இந்தியப் பெயர்களின் கிரேக்க வடிவம் எனப் படுகின்றன. வறுமையுற்ற குடும்பத்தின் செல்வத்தை மீட்கக் கடன் வாங்கிக்கொண்டு தூரதேசம் சென்று, பொருளீட்டித் திரும்பி, முன்னோரின் சமாதியைப் புதுப்பித்த கதையை அவன் பிழையற்ற கிரேக்கச் செய்யுளில் சொல்கிறான். வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவனது பெயரும் தந்தை பெயரும் வருகின்றன. இதனை வெளியிடாமல் விட்டிருக்கவேண்டும் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனாலும் முதற்சாராரின் அச்சம் ஆதாரமற்றதென்றும் கூறமாட்டோம்.

காபூல் தேசிய நூதனசாலை 1990களின் முற்பகுதியில் ஷெல் வீச்சுக்கும் கொள்ளைக்கும் இலக்கானபோது, ஆய் கானூமின் கண்டெடுப்புகள் யாவும் தொலைந்தன என்றே உலகம் நம்பியது. உண்மையில் 1980களின் இறுதியிலேயே நூதனசாலை ஊழியர்கள் முக்கிய பொருட்களைப் பெட்டிகளிலிட்டு ஜனாதிபதி மாளிகை வளாகத்திலுள்ள மத்திய வங்கியின் நிலவறையில் சேர்த்துவிட்டிருந்தனர். அதனை அறிந்தவர்கள் ஆட்சிகள் பல மாறியும் பதினைந்தாண்டுகள் வரை வாய் திறக்கவில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் நிலவறை திறக்கப்பட்டபோது, சிங்கங்கள் பூட்டிய தேரில் சிபெலே தேவி வரும் பொன்முலாமிட்ட வெள்ளித் தட்டு உட்படப் பல பொருட்கள் பத்திரமாக வெளிவந்தன. 2006 டிசம்பரில் பாரிஸின் கீமே நூதனசாலையில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் பல நாடுகளுக்கும் சென்றன. பேர்னார் அக்கண்காட்சியின் நூலில் எழுதினார். அவர் தோண்டிய பொருட்களைக் காப்பாற்றியவர்கள் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத ஆப்கான் அலுவலர்கள் என்பதை இங்கு பதிவுசெய்வது அவசியமாகும்.

நகரம் அழிந்தபின் எஞ்சியது காகிதம். அகழ்வாய்வு என்பதே ஒருவகை அழிப்பு. ஒருமுறை அகற்றிய மண்படையை மீண்டும் அதே இடத்தில் வைக்க எவராலும் இயலாது. ஆகையால் வெளியிடப்படாத அகழ்வு கொள்ளையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல என்று துறைசார்ந்தோர் கூறுவதுண்டு. நமது நாடு உட்பட, தோண்டிய பின்னர் அறிக்கை வெளிவராத அகழ்வுகள் எங்கும் உள்ளன. பேர்னாரும் அவரது சகாக்களும் களத்தைப் பார்க்கவே இயலாத நிலையில், குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு தொகுதி தொகுதியாக எழுதினர். முதற் தொகுதி 1973இல் வந்திருந்தது. 1980களில் வாயில் மண்டபங்கள், கோவில், மதில்கள், உடற்பயிற்சிக் கூடம் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. நாணயங்கள் பற்றிய 1985ஆம் ஆண்டுத் தொகுதி பேர்னாரே எழுதியது. களஞ்சியம் பற்றிய குளோட் ரப்பேனின் தொகுதி 1992இல் வந்தது. நகரமக்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றிய ஒன்பதாம் தொகுதி அதற்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு 2013இல் வெளியாயிற்று. கடைசி மண்வெட்டி ஆய் கானூமை விட்டு அகன்று அப்போது 35 ஆண்டுகள் கடந்திருந்தன. பேர்னாருக்கு வயது 84.